அரோவனா செதிலில் நிறம் ஏறும் விதம்

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் 'வாஸ்து மீன்' என்ற பெயரில் விற்கப்படும் அரோவனாவை அறியாத மீன் வளர்ப்போர் இல்லை. வாள் போன்ற உடல், மேல் நோக்கிய வாய், தாடை நுனியில் இரண்டு மீசை, நாணயத்தை வரிசையாக அடுக்கியது போன்ற பெரிய செதில்கள் ஆகியவை இம்மீனின் அடையாளங்கள். நன்கு நிறம் ஏறிய அரோவனா நல்ல விலைக்குப் போகிறது. ஆகவே, அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்க முன்வரும் சிறு விவசாயிகளுக்கு, அரோவனாக் குஞ்சு வாங்கி வளர்த்து விற்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஆனால் விரல் நீளக் குஞ்சில் அந்த நிறம் இருப்பதில்லை. 'வளர வளர நிறம் ஏறும்' என்ற சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்தக் குஞ்சுக்கு நிறம் ஏறும், எத்தனை காலத்தில் ஏறும், தீவனத்தால் எவ்வளவு ஏறும், எதைச் செய்தாலும் ஏறாத மீன் எது என்பதை அறியாமல் முதல் போடுபவர்கள் நஷ்டப்பட நேரிடும். இந்த விபரங்களை அறிந்து கொண்டால் அரோவனாவில் ஏமாறாமல் இருக்கலாம். அதே அறிவு தங்க மீன், கோய் கெண்டை போன்ற மீன்களை லாபகரமாக வளர்க்கவும் பயன்படும்.

நிறம் இருக்கும் இடம்

மீனின் செதில், நகத்தைப் போல நிறமற்ற, ஒளி ஊடுருவக்கூடிய தகடு ஆகும். உதிர்ந்த செதில் ஒன்றை நன்றாகக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தால் இது விளங்கும். செதிலை மூடியும் அதன் அடியிலும் இருக்கும் மெல்லிய தோலில்தான் நிறம் தாங்கிய உயிரணுக்கள் இருக்கின்றன.

இவ்வுயிரணுக்கள் பல வகைப்படும். கருமை தருபவை ஒரு வகை. மஞ்சள் தருபவை ஒரு வகை. சிவப்பு தருபவை இன்னொரு வகை. இவற்றைத் தவிர, நிறம் ஏதுமின்றி நுண்ணிய பளிங்குத் தகடுகளை அடுக்கி வைத்துக் கொண்டு ஒளியைத் திருப்பி அனுப்பும் உயிரணுக்களும் உண்டு. மீனின் வெள்ளிப் பளபளப்பு இவற்றால் வருவதே. இந்தப் பளபளப்பின் மேல் மஞ்சள் படிந்தால் பொன் நிறம் தோன்றுகிறது. சிவப்பு படிந்தால் செம்பு நிறம் தோன்றுகிறது.

குஞ்சாக இருக்கும்போது ஒளி திருப்பும் உயிரணுக்களும் கருமை உயிரணுக்களுமே மேலோங்கி இருக்கும். மற்ற உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகி, நிறத்தைச் சேமித்து நிரம்புவதற்குக் காலம் வேண்டும். நெற்கதிர் பால் பிடித்து, மணி முற்றிப் பழுப்பதைப் போன்றதே இதுவும். கதிர் வெளிவந்த மறுநாளே அறுவடையை எதிர்பார்க்க முடியாது.

முதலில் இனத்தை அறிக

நிறத்தின் எல்லையை நிர்ணயிப்பது இனமும் பெற்றோருமே. சம்பா விதையை விதைத்து பொன்னியை அறுக்க முடியாதது போல, ஓர் இனத்தில் இல்லாத நிறத்தை எந்தத் தீவனமும் கொண்டு வராது.

கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பது வெள்ளி அரோவனா. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று மீனான இது, குஞ்சிலும் வெள்ளி, வளர்ந்த பின்னும் வெள்ளி. வயது ஏறும்போது செதிலில் முத்துச் சிப்பி போன்ற நீலம், இளஞ்சிவப்புச் சாயல் லேசாகத் தெரியும். அவ்வளவே. அது ஒருநாளும் பொன்னிறமாகவோ சிவப்பாகவோ மாறாது. இதன் உறவான கரு அரோவனா, குஞ்சில் கருமையாகவும் மஞ்சள் கோட்டுடனும் கவர்ச்சியாக இருந்து, வளர்ந்த பின் அந்தக் கருமையை இழந்து சாம்பல் கலந்த வெள்ளியாகி விடுகிறது. இங்கு நிறம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பொன்னும் சிவப்பும் வருவது ஆசிய அரோவனா என்ற வேறு இனத்தில். மலேசியாவிலும் இந்தோனேசியாவின் சுமத்ரா, போர்னியோ தீவுகளிலும் இதன் வகைகள் உள்ளன. பெயர் பெற்ற சிவப்பு வகை, போர்னியோவின் மேற்குப் பகுதியில் ஓடும் காப்புவாஸ் ஆற்றைச் சேர்ந்தது.

இரண்டு இனங்களையும் குஞ்சிலேயே பிரித்தறியலாம். வெள்ளி அரோவனாவின் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் மிக நீளமாக ஓடி, சிறிய வால் துடுப்பை ஏறக்குறையத் தொட்டு விடும். ஆசிய அரோவனாவின் முதுகுத் துடுப்பு குட்டையானது; வால் துடுப்பு விசிறி போல் அகன்று தனித்து நிற்கும். செதில்களும் ஒப்பு நோக்கப் பெரியவை. நீண்ட துடுப்புள்ள குஞ்சைக் காட்டி 'இரண்டு வருடத்தில் தங்கமாகி விடும்' என்று யாரேனும் சொன்னால், அதை வாங்காமல் திரும்புவதே உசிதம்.

வயதும் நிறமும்

ஆசிய அரோவனாவில் நிறம் ஒரே நாளில் உடல் முழுவதும் வருவதில்லை. அதற்கென ஒரு வரிசை உண்டு.

முதலில் துடுப்புகள், உதடு, மீசை ஆகியவற்றில் இளஞ்சிவப்போ மஞ்சளோ தெரியும். அடுத்து செவுள் மூடியில் நிறம் பரவும். அதன் பிறகே செதில்களில் தொடங்கும். செதிலிலும் நடுப்பகுதி பச்சை அல்லது வெள்ளிச் சாயலோடு இருக்க, விளிம்பில் பிறை போல ஒரு கோடு முதலில் தோன்றும். வயது ஏற ஏற இந்தக் கோடு தடித்து உள்நோக்கி நகரும். சிவப்பு வகையில் செவுள் மூடியும் செதில் விளிம்பும் முழுமையாகச் சிவக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளில்கூட ஒன்று இரண்டாம் ஆண்டிலும் இன்னொன்று நான்கு, ஐந்து ஆண்டுகள் கழித்தும் நிறம் காட்டுவதுண்டு.

பொன்னிற வகைகளில் நிறம் வயிற்றுப் பக்கத்திலிருந்து முதுகை நோக்கி ஏறுகிறது. வளர்ப்போர் செதில் வரிசைகளைக் கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். ஒரு வகையில் பொன்னிறம் நான்காவது வரிசையோடு நின்று விடும். முதுகு கருமையாகவே இருக்கும். மலேசியாவின் பெயர் பெற்ற இன்னொரு வகையில் ஐந்தாவது வரிசையைத் தாண்டி முதுகின் மேலும் பொன் பரவும். குஞ்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். விலையிலோ பெருத்த வித்தியாசம் உண்டு. ஆகவே பெற்றோர் இன்னவை என்று சான்றிதழ் இல்லாத குஞ்சுக்கு அதிக விலை கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு விதை வாங்குவதற்கு ஒப்பானது.

வயதால் நிறம் ஏறுவதற்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளில் சில மட்டும் சாம்பல் நிறமாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அவை இளம் பறவைகள். அவற்றின் சிறகில் இளஞ்சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். அந்தச் சிவப்பும் அவை உண்ணும் இரையிலிருந்தே கிடைக்கிறது. மீனுக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

தொட்டியின் நிறமும் வெளிச்சமும்

மீன் தான் இருக்கும் இடத்தின் நிறத்திற்கு ஏற்பத் தன் கருமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. கருமை உயிரணுவின் உள்ளே இருக்கும் நிறத் துகள்கள் விரிந்தால் உடல் கறுக்கும்; நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். எனவே வெள்ளைத் தொட்டியில் வளரும் மீன் வெளிறியும், கரும் தொட்டியில் வளரும் மீன் அழுத்தமாகவும் தோன்றும். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் பொன்னிற அரோவனாவை வெள்ளைத் தொட்டியிலும், சிவப்பு அரோவனாவைக் கரும் பின்னணியிலும், தனி விளக்கு வெளிச்சத்திலும் வளர்ப்பது இதனால்தான்.

இப்படி வரும் மாற்றத்தில் ஒரு பகுதி தற்காலிகமானது. விளக்கை அணைத்துத் தொட்டியை மாற்றினால் சில நாட்களில் நிறம் குறைந்து விடலாம். ஆகவே வாங்கும்போது சாதாரணப் பகல் வெளிச்சத்தில், நிறமற்ற பாத்திரத்தில் எடுத்து வைத்துப் பார்ப்பது நலம். சிவப்பு விளக்கின் கீழ் எல்லா மீனும் சிவப்பாகவே தெரியும்.

தீவனத்தால் வரும் நிறம்

கருமையை மீன் தானே உண்டாக்கிக் கொள்கிறது. மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரோட்டின் வகைச் சத்துகளை அதனால் உண்டாக்க முடியாது. அவை உணவிலிருந்து வர வேண்டும். ஓடையிலும் குளத்திலும் பாசி, பூச்சி, சிறு இறால் ஆகியவற்றைத் தின்று மீன் இதைப் பெறுகிறது. தொட்டியில் தவிடும் பிண்ணாக்கும் மட்டும் கொடுத்தால் உடல் வளரும், நிறம் வெளிறும்.

இறாலை வேகவைத்தால் சிவப்பதை அறிவோம். அந்தச் சிவப்பு, பச்சை இறாலின் ஓட்டில் புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்து, சூட்டால் வெளிப்படுவது. அதே சத்துதான் மீனின் செதிலையும் சிவக்க வைக்கிறது. காசிமேடு, பழவேற்காடு பக்கங்களில் இறால் உரிக்கும்போது கழிக்கப்படும் தலையும் ஓடும் இதற்கு மலிவான மூலப்பொருள். அழுகாத புதிய ஓட்டை வாங்கி, உப்புப் போக நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கொதிநீரில் சில நிமிடம் வேகவைத்து, நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்துக் கொள்ள வேண்டும். கடும் வெயிலில் காயப் போட்டால் நிறச் சத்து வீணாகும்.

செண்டுமல்லிப் பூவின் இதழும் மஞ்சள் சத்து நிறைந்தது. விற்காமல் மீந்த பூவின் இதழ்களை உதிர்த்து நிழலில் உலர்த்தித் தூளாக்கலாம். பூச்சி மருந்து தெளித்த பூவைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சுருள்பாசித் தூளும் சிறந்தது. விலைதான் சற்று அதிகம்.

தங்க மீன், கோய் ஆகியவற்றுக்குத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, மீன் தூள் கலந்த தீவனத்தில், கிலோ ஒன்றுக்கு இறால் ஓட்டுத் தூள் 100 கிராம் அல்லது செண்டுமல்லி இதழ்த் தூள் 20 முதல் 30 கிராம் வரை சேர்க்கலாம். கெண்டை இனம் உணவிலுள்ள மஞ்சள் சத்தின் ஒரு பகுதியைச் சிவப்பாக மாற்றிக்கொள்ளும் திறன் உடையது. அரோவனா பிண்ணாக்குத் தின்னாது. அது நீரின் மேற்பரப்பில் பூச்சி பிடித்துத் தின்னும் மீன். ஓடு உரிக்காத சிறு இறால், வெட்டுக்கிளி போன்றவை ஏற்றவை. வீட்டில் மருந்து அடித்து விழுந்த கரப்பானைப் போடுவது மீனைக் கொல்லும்.

நிறத் தீவனம் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் நிறமும் மெல்லக் குறையும். விற்பனைக்கு ஒன்று இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, விற்கும் வரை விடாமல் கொடுப்பது நல்லது.

தண்ணீர்

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் உட்புகுந்து, பல கிணறுகள் பல பத்தாண்டுகளாகவே உவர்ப்பாக உள்ளன. ஆகவே தொட்டி கட்டும் முன் நீரைப் பரிசோதிப்பது இன்றியமையாதது. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு உள்ள நீரைத் தங்க மீன் குஞ்சுகளுக்குத் தவிர்ப்பது நல்லது. அரோவனா மென்மையான நன்னீரை விரும்புவது. உவர் நீர் மட்டுமே உள்ளவர்கள் உப்பைத் தாங்கும் மோலி மீனைத் தேர்ந்தெடுக்கலாம்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அது செவுளைப் புண்ணாக்கும். திறந்த தொட்டியில் ஒரு நாள் முழுவதும் காற்று செலுத்தி வைத்த பிறகே உபயோகிக்க வேண்டும். மழை நீரைச் சேமித்து உபயோகிப்போர், அனல் மின் நிலையச் சாம்பல் கூரையில் படியும் இடங்களில் முதல் மழை நீரை வெளியேற்றி விட வேண்டும். தொட்டிக்கு மேல் நிழல் வலை கட்டினால் சாம்பலும் குறையும். அரோவனா துள்ளி வெளியே விழுவதும் தடுக்கப்படும். எண்ணூர் கழிமுகத்து நீரையும் கால்வாய் நீரையும் மீன் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அக்கழிமுகம் பாதிக்கப்பட்டது நினைவிருக்கும்.

நெருக்கடியும் அழுக்கு நீரும் மீனின் நிறத்தை உடனே காட்டிக் கொடுக்கும். நேற்று வரை பளிச்சென்று இருந்த மீன் இன்று வெளிறினால், நிறத் தீவனத்தைக் கூட்டுவதை விட்டு முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சட்டம்

ஆசிய அரோவனா காட்டில் அருகி வரும் இனம். 1975 முதல் பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது உள்ளது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்து, சான்றிதழும் உடலில் செலுத்திய மின்னணு அடையாளச் சில்லும் கொண்ட மீன்களே முறைப்படி நாடு விட்டு நாடு விற்கப்படுகின்றன. இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பத்திரமில்லா மனையை வாங்குவது போல் சான்றில்லா ஆசிய அரோவனாவை வாங்கினால் மீனும் போகும், பணமும் போகும். வாங்குமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொள்வது நலம்.

சிறு விவசாயிக்கு ஏற்றது

ஆசிய அரோவனா இனவிருத்திக்கு வர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு ஈட்டில் சில பத்து முட்டைகளே இடும். ஆண் மீன் அவற்றை வாயிலேயே சுமந்து காக்கும். இதற்குப் பெரிய குளமும் நீண்ட காத்திருப்பும் பெரும் முதலும் வேண்டும். நிறம் முதிரும் வரை பல ஆண்டு தீனியும் போட வேண்டும். இடையில் ஒரு நாள் மின்சாரம் நின்று காற்றுக் கருவி நின்றாலும் முதல் முழுவதும் போய்விடக் கூடும். சிறு விவசாயிக்கு இது ஏற்றதன்று.

இதே நிறம் மாறும் விந்தையை மூன்று மாதத்தில் காட்டி, பணமும் தருவது தங்க மீன். இதன் குஞ்சும் பிறக்கும்போது கரும்பச்சையாகவே இருக்கும். வெப்பமான பகுதிகளில் சாதாரணமாக 2 முதல் 3 மாதத்தில் கருமை உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன. அடியில் மறைந்திருந்த மஞ்சளும் சிவப்பும் அப்போது வெளித் தெரிகின்றன. முதலில் உடல் இன்னும் கறுப்பது போலத் தோன்றும். பிறகு வயிற்றில் பொன்னிறம் தெரிந்து மேல் நோக்கி ஏறும். முதுகிலும் துடுப்பு நுனியிலும் கருமை கடைசியாக நீங்கும்.

இதை அறியாதவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, கறுத்த குஞ்சுகளை 'நிறமில்லாதவை' என்று முதல் மாதத்திலேயே மலிவாகத் தள்ளி விடுவது. மற்றொன்று, பாதி மாறிய மீனைக் கறுப்பும் பொன்னும் கலந்த தனி ரகம் என்று விற்பது. சில வாரங்களில் கறுப்பு மறைந்ததும் வாங்கிய வியாபாரி குறை சொல்வார். அடுத்த முறை வர மாட்டார்.

இரண்டாம் மாத முடிவில் ஒரு முறையும், அதன் பின் மாதம் ஒரு முறையும் மீன்களைப் பிரிக்க வேண்டும். முன்னதாகவும் முழுமையாகவும் நிறம் மாறியவற்றில், உடல் அமைப்பும் நன்றாக உள்ளவற்றைத் தாய் மீனாக ஒதுக்க வேண்டும். நான்கு மாதம் கடந்தும் மாறாதவற்றை இனவிருத்திக்கு வைக்கக் கூடாது; அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் தொடரும். நிறம் வந்த குஞ்சு கொக்குக்கும் மீன்கொத்திக்கும் எளிதில் தெரியும் என்பதால், அந்தச் சமயத்தில் வலைப் பாதுகாப்பு அவசியம்.

போலி நிறம்

நிறம் வரக் காத்திருக்க மனமின்றி ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து, இளம் மீனிலும் பெண் மீனிலும்கூட ஆண் மீனின் நிறத்தைக் கொண்டு வருவோர் உண்டு. இத்தகைய மீன்கள் பெரும்பாலும் இனவிருத்திக்குப் பயன்படுவதில்லை. மருந்தை நிறுத்தியதும் நிறம் மங்கும். கண்ணாடி போன்ற சிறு மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. அந்த மீன் புண்ணாகி விரைவில் சாகும். தாய் மீன் வாங்கும் விவசாயிகள், வயதுக்கு மீறிய நிறம் காட்டும் சிறு மீனைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நிறத்தின் எல்லையை இனமும் பெற்றோரும் நிர்ணயிக்கின்றன. வெள்ளி அரோவனா பொன்னாகாது.

2. அந்த எல்லையை அடைய வயது வேண்டும். அரோவனாவுக்கு ஆண்டுகள், தங்க மீனுக்கு மாதங்கள்.

3. தீவனம், உள்ள நிறத்தை மெருகேற்றும். இறால் ஓடு, செண்டுமல்லி, சுருள்பாசி ஆகியவை நல்லவை.

4. தண்ணீர் கெட்டால் மற்ற எல்லாம் வீண்.

5. புதிதாகத் தொடங்குவோர் தங்க மீன் அல்லது மோலியில் ஒன்று இரண்டு தொட்டிகளோடு தொடங்கி, வியாபாரியை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு, பிறகு விரிவு செய்வது சாலச் சிறந்தது.

அத்திப்பட்டு வட்டார விவசாயிகளுக்குப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி உள்ளது. நீர்ப் பரிசோதனை, தீவனக் கலவை, பயிற்சி ஆகியவை பற்றி அங்கு நேரில் விசாரித்துத் தெரிந்து கொண்டு, பிறகு தொட்டி கட்டும் வேலையைத் தொடங்கலாம்.